ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், ஆனால் படபடப்பு நிற்கவில்லை: யாரைப் பார்ப்பது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்காகக் கேட்கிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. ஆடிக்கு முன்பிருந்தே ராத்திரி படுத்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது. “செத்துருவேன் போல இருக்குண்ணா” என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்தில் ஒன்றும் இல்லையாம்.

கடைசியாகப் பார்த்த டாக்டர் “மனநல மருத்துவரை ஒரு தடவை பாருங்க” என்றார். அதிலிருந்து தம்பி என்னோடு பேசுவதே இல்லை. தன்னைப் பைத்தியம் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம் என்று நினைக்கிறான். அம்மா ஒரு பக்கம் திருஷ்டி என்கிறார், கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று. வெள்ளி விலை ஏறிய பிறகு ஆர்டர் குறைந்துபோனது, வாரவட்டிக்கு வாங்கியது வேறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இது உடம்பா, மனசா? யாரைப் பார்ப்பது?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

கேஸ்தான் ப்ரோ, வயிற்று வாயு. எனக்கும் இதே மாதிரி இருந்தது. ராத்திரி புரோட்டாவை நிறுத்தினேன், சரியாகிவிட்டது. எண்டோஸ்கோபி பண்ணிப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

தம்பி, நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஈசிஜி எடுத்ததை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். நெஞ்சு விஷயத்தில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் நான்கு இடத்தில் நார்மல் என்று சொன்ன பிறகும் ஐந்தாவது ஸ்கேனுக்கு ஓடுவதில்தான் நம் ஊரில் காசு கரைகிறது. எண்டோஸ்கோபி இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பது பானிக் அட்டாக் போலத் தெரிகிறது. அதைச் சொல்ல வேண்டியது நேரில் பார்க்கும் டாக்டர். அது என்ன என்று மட்டும் நான் சொல்கிறேன். நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகம் பிடிக்கும், மூச்சு இரைக்கும், வியர்க்கும். ஓடித் தப்பிப்பதற்கான ஏற்பாடு அது. பானிக்கில் நாய் இல்லாமலே அந்த ஏற்பாடு முழுசாக நடந்துவிடுகிறது. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும் அதனால்தான். மூச்சு முட்டுவது போலத் தோன்றினாலும் ஆக்சிஜன் குறைவதில்லை.

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அரை மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஒயர் மாட்டும்போது எல்லாம் அடங்கியிருக்கும். கூட வந்தவர்கள் “நல்லாத்தானே இருக்கான், நடிக்கிறானா” என்று முகத்தைச் சுளிப்பார்கள். எத்தனையோ ராத்திரி இதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்கு வந்த பயம் நிஜம். நாடித்துடிப்பு ஏறியதும் நிஜம். இதயத்தில் பழுது இல்லை, அவ்வளவுதான்.

தைராய்டு பார்த்தீர்களா? அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ரத்தசோகை, சர்க்கரை தாழ்ந்துபோவது, இழுப்புக்கு அடிக்கும் இன்ஹேலர், கணக்கில்லாமல் குடிக்கும் டீ இவையும் செய்யும். அதனால் “எல்லாம் மனசுதான்” என்றும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். மறுபடி வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லுங்கள், மெதுவாக, வாய் வழியாக. பேப்பர் பைக்குள் மூச்சு விடச் சொல்வது பழைய முறை, இப்போது யாரும் சொல்வதில்லை.

ரயில்வே ரிட்டயர்டு எழுதியது:

எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் கஷ்டம் இல்லையா? சூரமங்கலத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டோம், யாருக்கும் பானிக் வரவில்லை. பையனை மொபைலைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள், காலையில் நடக்கச் சொல்லுங்கள். ரெண்டு நாள் ஏற்காட்டுக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்கள். குளிர்ந்த காற்று பட்டால் தன்னால் சரியாகும்.

நாகலூர் காப்பி எழுதியது:

//ரெண்டு நாள் ஏற்காட்டுக்குப் போய்ட்டு வரச் சொல்லுங்கள்//

ஐயா, நாங்கள் ஏற்காட்டில்தான் இருக்கிறோம். இங்கே எங்களுக்கும் தூக்கம் வராமல் போகிறது :-)

கோபத்தில் எழுதவில்லை. கீழே இருந்து வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் “அப்பா, என்ன நிம்மதி” என்கிறார்கள். நிம்மதிதான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை. நாங்கள் மாத்திரை வாங்க அதே இருபது வளைவையும் இறங்குகிறோம். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலி இருக்கும், பறிப்பு முடிந்தால் வேலை குறைந்துவிடும். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் நாள் முழுக்க எதிர்வீடு தெரியாது. பிள்ளைகள் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் கிழவனும் கிழவியும்தான். இருட்டினால் காட்டெருமைக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்குக்கூடப் போவதில்லை. ஆண்கள் பலருக்குச் சாராயம்தான் தூக்க மாத்திரை. 5,000 அடி உயரத்தில் குளிர் காற்று மட்டும் மனசைச் சரிசெய்யும் என்றால் எங்கள் மலையில் ஒருவருக்கும் ஒன்றும் வரக்கூடாதே.

ஊர் மாறினால் கொஞ்சம் லேசாகும், அதை மறுக்கவில்லை. அந்தத் தம்பி திரும்பி வரும்போது வாரவட்டிக்காரர் வாசலில் நிற்பாரே, அதற்கு என்ன செய்வது?

என் நாத்தனார் கதையையும் சொல்கிறேன். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம். அழவில்லை, சண்டை போடவில்லை, சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். குழந்தை கத்தினாலும் எடுக்க மாட்டாள். “திமிர்” என்றார் அவள் மாமியார். தடுப்பூசிக்கு வந்த கிராம செவிலியர்தான் கண்டுபிடித்து, சேலத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தேறி வரப் பல மாதம் ஆயிற்று. இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

நாகலூர் தங்கச்சி சொன்னதை எல்லா வீட்டிலும் படிக்க வேண்டும். பிரசவமான முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம், பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீண்டால், குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பெற்றவள் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், காதில் குரல் கேட்கிறது என்கிறாள், குழந்தைக்கு ஏதோ செய்துவிடுவார்கள் என்று சந்தேகப்படுகிறாள் என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கணக்கு வழக்கு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தம்பிக்கு வந்திருப்பது கடன். அதை மூளையில் தேடுகிறீர்கள். ஆர்டர் வந்தால், வட்டி அடைந்தால் நெஞ்சு தானாக அடங்கும். தறிக்காரர், கொலுசுக்காரர், ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு போடுகிறவர், எல்லோருக்கும் ஒரே வியாதி, அதன் பெயர் பணமுடை. மாத்திரை வட்டி கட்டுமா?

சைக்காலஜி மாணவி எழுதியது:

கட்டாது சார். நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. கடன், வேலையில் நிச்சயமின்மை, வீட்டில் அடிதடி, தனிமை, தீராத வலி, இவை மனநலத்தைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே தெருவில், ஒரே கடனில் இருக்கிற பத்துப் பேரில் இரண்டு பேர்தான் படுத்துவிடுகிறார்கள். ஏன்? பரம்பரை கொஞ்சம். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளில் மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் என்று வருகிறது. அதாவது அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பதில்லை, வாய்ப்பு கூடுகிறது. சின்ன வயதில் பட்டது கொஞ்சம். தூக்கம், குடி, சர்க்கரை, தைராய்டு கொஞ்சம். கூட யார் இருக்கிறார்கள் என்பது நிறைய.

“மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வருவது அரைகுறை. செரட்டோனின் என்பது மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். மனச்சோர்வுக்கு அது குறைவதுதான் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. உடனே “அப்போ மாத்திரை எல்லாம் ஏமாற்று” என்று கிளம்பிவிட்டார்கள். அதுவும் தப்பு. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்னொரு தொகுப்பு 21 மருந்துகளை, 522 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. மனச்சோர்வுள்ள பெரியவர்களிடம் எல்லா மருந்தும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகவே வேலை செய்திருந்தது, சிலது அதிகம், சிலது குறைவு. எப்படி வேலை செய்கிறது என்பது முழுசாகப் புரியாமலே வேலை செய்கிற மருந்துகள் மருத்துவத்தில் நிறைய.

கடன் இருக்கும்போதே தூக்கம் வந்தால், படபடப்பு குறைந்தால், அந்த அண்ணன் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து கடனைப் பற்றி யோசிக்கவாவது முடியும். இப்போது அதுகூட முடியவில்லையே.

கணக்கு வழக்கு எழுதியது:

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரவட்டி வாங்குகிறவரையும் ஒரு நோயாக அறிவிக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை மருந்துக்கடை எழுதியது:

தூக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தயவுசெய்து யாரும் கடைக்கு வந்து “அன்னைக்கு எங்க மாமாவுக்குக் கொடுத்தீங்களே, அந்தத் தூக்க மாத்திரை ரெண்டு கொடுங்க” என்று கேட்காதீர்கள். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவை, தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டியவை. போட்ட அரை மணியில் படபடப்பு அடங்கும், அதனால்தான் ஆபத்து. சில வாரத்தில் உடம்பு பழகிவிடும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வரும். குடித்துவிட்டு மேலே இதையும் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

மனச்சோர்வுக்கும் பானிக்குக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் என்று டாக்டர் எழுதுவது வேறு வகை. அதற்கு அடிமையாக மாட்டார்கள். ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். முதல் வாரம் குமட்டும், சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யும். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் நன்றாக ஆனதும் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், “பாத்தியா, அடிமையாயிட்டான்” என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் எழுதியது:

நிறைய தெரிந்துகொண்டேன், நன்றி. ஒரு சந்தேகம். மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், இதில் யாரிடம் போவது? என் மச்சான், தூக்கத்துக்கு டாக்டர் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போ என்கிறான். செய்யலாமா?

சைக்காலஜி மாணவி எழுதியது:

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். கவுன்சலர் என்று மட்டும் போர்டு வைத்திருந்தால் என்ன படித்தார் என்று விசாரியுங்கள், மூன்று மாதச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. பானிக்கைப் பொறுத்தவரை மருந்தும் பலன் தரும், சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சையும் பலன் தரும். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பொய் சொல்ல வேண்டாம் அண்ணா. வாசலில் போர்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும், அப்புறம் எந்த டாக்டரையும் நம்ப மாட்டார். சிஸ்டர் அம்மா எழுதியதை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

பேச்சுக்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு முற்றியவர்களுக்கு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். மனசு சரியானதும் வேலை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், விட்டுப்போன சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவதுதான் அந்தப் பேச்சின் சாரம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2017இல் வெளியானது.

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு போட்டுக் காட்டலாம், மருந்தும் அங்கேயே. வெளியே பார்ப்பதென்றால் அது உங்கள் வசதி. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. அம்மா கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். கயிறும் இருக்கட்டும், ஓபி சீட்டும் இருக்கட்டும்.

ஆத்தூர் டீச்சர் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடப் பக்கம் இருந்து ஒரு விஷயம். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் கண்ணில் படுவது அது தொடங்கும் இடம். நன்றாக எழுதிய பையன் வெறும் தாளைக் கொடுப்பான். வெயிலில்கூட முழுக்கைச் சட்டையை மடிக்க மாட்டாள் ஒருத்தி, கையில் கீறிக்கொண்டதை மறைக்க. ஒருவன் கையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டே இருப்பான், சுத்தக்காரன் என்று நாமும் பாராட்டுவோம். அது ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வரும் கோளாறாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பெற்றோரிடம் சொன்னால் “பரீட்சை முடியட்டும் டீச்சர்” என்பார்கள். பரீட்சை முடிந்தால் ரிசல்ட் வரட்டும் என்பார்கள்.

“சாகணும்னு தோணுதா” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது ஆகுமோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன. நேராகக் கேட்ட பிறகுதான் ஒரு பிள்ளை என்னிடம் வாயைத் திறந்தது. ஆம் என்று சொன்னால் தனியாக விடக்கூடாது, வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் “தெரியாமக் குடிச்சிட்டான்” என்று சொல்வது இன்னும் நடக்கிறது. 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோது தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லாமல் போய்விட்டது. என்ன குடித்தான், எவ்வளவு என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், உயிர் அதில் இருக்கிறது.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நான் கேஸ் என்று எழுதியதற்கு யாரும் திட்டவில்லை, நன்றி. நைட் ஷிப்ட் ஆட்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் சிஸ்டர். பகலில் தூங்கினால் தூங்கின மாதிரியே இல்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

வெளிச்சத்தைத் தடுங்கள், ஜன்னலுக்குக் கெட்டித் துணி. ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம், அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள், படுத்ததும் தூக்கம் வரும், பாதியில் கலைத்துவிடும். அப்படியும் எரிச்சல் போகாவிட்டால் காட்டுங்கள்.

ரயில்வே ரிட்டயர்டு எழுதியது:

நான் சொன்ன ஏற்காட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அடித்துவிட்டீர்கள், பரவாயில்லை. நடப்பது நல்லது என்பதில் நான் மாறவில்லை.

சிஸ்டரிடம் ஒன்று. என் வீட்டம்மா தவறிய பிறகு தினமும் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கம் இல்லை. சாப்பாடு ருசிப்பதில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பேரன் வந்தால்கூடப் பேசத் தோன்றவில்லை. வயதானால் இப்படித்தானே?

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

ஐயா, நடப்பது நல்லது, லேசான மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு சிகிச்சைதான். நீங்கள் சொன்னது சரி.

ஆனால் வயதானால் இப்படித்தான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். துக்கம் அலை அலையாக வரும், நடுவில் பேரனைப் பார்த்தால் முகம் மலரும். எப்போதும் ஒரே மாதிரி கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, விடிகாலை விழிப்பு, எடை குறைவது, இவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இது பல நேரம் அழுகையாக வராது, உடம்பு வலியாகவும் மறதியாகவும் வரும், அதனால் எளிதில் யார் கண்ணிலும் படாது. எடை குறைவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், விட்டுவைக்காதீர்கள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்த்துவிட்டு ஒரு டாக்டரிடம் இப்போது எழுதியதை அப்படியே சொல்லுங்கள். உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா? தோன்றினால் இன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள்.

ரயில்வே ரிட்டயர்டு எழுதியது:

அப்படியெல்லாம் தோன்றவில்லை அம்மா. தோன்றினால் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் எழுதியது:

போய் வந்தோம். தம்பிக்கு இங்கே எல்லோரும் எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். மரத்துப்போகிற விரலுக்குக் காரணம் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தான். “இதை அந்த டாக்டர் அன்னைக்கே சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்றான். பெரிய ஆஸ்பத்திரிக்கே போனோம், கூட்டம்தான், காத்திருந்தோம். டாக்டர் நெஞ்சைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. தூக்கம், டீ, ஹான்ஸ் புகையிலை, குடி, கடன், வீட்டில் யார் யார் என்று கேட்டார். கடன் தொகையை என்னிடம் சொன்னதைவிட அவரிடம் கூடச் சொன்னான், அது தனிக் கதை. தைராய்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், மாத்திரையும் தொடங்கியாயிற்று. குமட்டுகிறது என்கிறான். மருந்துக்கடை அண்ணன் சொன்னதால் பயப்படவில்லை. இன்னும் படபடப்பு வருகிறது, ஆனால் நேற்று ஆட்டோ கேட்கவில்லை, மொட்டைமாடியில் உட்கார்ந்து மூச்சை விட்டுவிட்டு வந்தான். வட்டிக்காரரிடம் நான் பேசப் போகிறேன், கணக்கு வழக்கு சார் இன்பாக்ஸில் வாருங்கள், கூட்டுறவு வங்கி நகைக்கடன் பற்றிக் கேட்க வேண்டும்.

நாகலூர் காப்பி எழுதியது:

நல்லது அண்ணா. தேறியதும் மேலே கூட்டி வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், ஒரே ஹாரன் சத்தம்.

ரயில்வே ரிட்டயர்டு எழுதியது:

சிஸ்டர், மகன் நாளைக்கு லேபுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். தைராய்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

அஸ்தம்பட்டி சிஸ்டர் எழுதியது:

தைராய்டுக்கு வேண்டியதில்லை ஐயா. சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால் வெறும் வயிற்றிலேயே போய்விடுங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட ஏதாவது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.